கம்ப்யூட்டர் எந்தப் படியில் நின்றது?

பழுதுபார்க்கும் கடைக்கு வரும் மேசைக் கம்ப்யூட்டர்களோடு வரும் புகார் பெரும்பாலும் ஒரே வரிதான்: "ஆன் ஆகுது, டிஸ்பிளே வரலை." இல்லாவிட்டால், "நீலக் கலர்ல ஏதோ வந்து நின்னுடுது." இதற்குப் பல இடங்களில் கிடைக்கும் பதிலும் இரண்டே வகை: "மதர்போர்டு போயிடுச்சு", "பார்மட் போட்டுடலாம்". முதல் பதிலில் பல ஆயிரம் ரூபாய் போகும். இரண்டாவதில் பிள்ளைகளின் படங்கள், கடைக் கணக்கு, பாதி எழுதிய ஆய்வேடு என்று காசு கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காதவை போகும். இந்த இரண்டுமே தேவைப்படாத பழுதுகள் ஏராளம். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் விண்டோஸ் வருவதற்கும் நடுவே பல படிகள் இருக்கின்றன. ஒன்று சரியாக முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும். எந்தப் படியில் வண்டி நின்றது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி மின்சாரம். சுவர் சுவிட்சைப் போட்டவுடனேயே கேபினட்டுக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டி, மதர்போர்டுக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைக் கொடுக்கத் தொடங்கிவிடும். நாம் அழுத்தும் முன்பக்கப் பொத்தான் மதர்போர்டுக்கு ஒரு சைகை மட்டுமே தருகிறது. மதர்போர்டு அதை எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சொல்ல, அது 12, 5, 3.3 வோல்ட் மின்சாரங்களைத் தர ஆரம்பிக்கிறது. அவை நிலைப்படச் சில நூறு மில்லிநொடிகள் பிடிக்கும். நிலைப்பட்டதும் 'பவர் குட்' என்ற இன்னொரு சைகை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும். அது வரும்வரை பிராசஸர் ஒரு கட்டளையைக்கூட நிறைவேற்றாது.

பொத்தானை அழுத்தியதும் ஃபேன் ஒரு நொடி சுற்றி நிற்கிறதா? நின்று, தானாகவே மறுபடி சுற்றுகிறதா? சந்தேகம் முதலில் எஸ்எம்பிஎஸ் மேல் விழ வேண்டும். வேறு ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதைவிட நம்பகமான சோதனை வீட்டில் இல்லை. ஒன்றுமே அசையவில்லை என்றால் யுபிஎஸ், பவர் கேபிள், கேபினட்டின் பின்பக்கம் இருக்கும் சிறு சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். பிறகு கேபிளைப் பிடுங்கிவிட்டு முன்பக்கப் பொத்தானைப் பதினைந்து, இருபது விநாடி அழுத்திப் பிடித்து, மறுபடி இணைத்துப் பாருங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்ததும் எழுந்துகொள்ளும் இயந்திரங்கள் உண்டு. மதர்போர்டில் சிறு உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையையும் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய தகடு உப்பியிருந்தாலோ, அதன் மேல் பழுப்பு நிறத்தில் ஏதாவது கசிந்து காய்ந்திருந்தாலோ கோளாறு அங்கேதான். 2000-களின் தொடக்கத்தில் வந்த மதர்போர்டுகள் பல இப்படித்தான் கூட்டம் கூட்டமாகச் செத்தன.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் நேர்மின்சாரமாக மாறும்போது 300 வோல்ட்டைத் தாண்டுகிறது. கேபிளைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் பெரிய கெப்பாசிட்டர் அந்த மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கி வைத்திருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து.

ஃபேன் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டு என்றால் அடுத்த படிக்கு வந்துவிட்டோம். பவர் குட் கிடைத்ததும் பிராசஸர் தன் முதல் கட்டளையை மதர்போர்டில் உள்ள ஒரு சிறு சிப்பிலிருந்து படிக்கிறது. அதில் இருக்கும் நிரலைப் பழைய பழக்கத்தில் பயாஸ் என்கிறோம். இப்போது வருவதன் பெயர் யுஇஎஃப்ஐ. அது முதலில் செய்வது 'போஸ்ட்' எனப்படும் தற்சோதனை. பிராசஸர் சரியா, ராம் இருக்கிறதா, திரைக்குப் படம் அனுப்ப முடிகிறதா என்று வரிசையாகப் பார்க்கும். 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியிலேயே இது இருந்தது. எல்லாம் நலம் என்றால் ஒரு சின்ன 'பீப்'. கோளாறு இருந்தால் பீப் ஒலியின் எண்ணிக்கையும் நீளமும் மாறும். எந்த ஒலிக்கு என்ன பொருள் என்பது பயாஸ் தயாரிப்பாளரைப் பொறுத்தது. மதர்போர்டுடன் வந்த கையேட்டில் இருக்கும். இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கருக்குப் பதிலாக நான்கு சிறு விளக்குகள் உண்டு. பிராசஸர், ராம், கிராபிக்ஸ், பூட் என ஒவ்வொன்றுக்கும் ஒன்று. எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேட வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தும் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் துளையில் செருகிவிட்டுத் திரை வரவில்லை என்று தேடுபவர்களும் இருக்கிறார்கள். அதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

இந்தப் படியில் மிக அதிகமாகத் தொல்லை கொடுப்பது ராம். டிடிஆர்4 ராம் ஒன்றின் விளிம்பில் 288 தங்க முலாம் பூசிய தொடுமுனைகள் இருக்கின்றன. சில முனைகளில் தூசும் ஈரமும் சேர்ந்து படலம் கட்டினாலே போதும், 'டிஸ்பிளே' போய்விடும். கடலோர ஊர்களில், உப்புக் காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மின் கேபிளைப் பிடுங்குங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்க, கேபினட்டின் வெற்று உலோகப் பகுதியைத் தொடுங்கள். ராமின் ஓரத்தில் உள்ள பிடியைத் திறந்தால் அது சற்று மேலே எழும்பும். ஓரங்களைப் பிடித்து நேராக எடுங்கள். மெக்கானிக்குகள் எல்லோரும் செய்வது போலப் பென்சில் ரப்பரால் தங்க விளிம்பை மெதுவாகத் துடைத்தால் மங்கியிருந்த முனைகள் பளிச்சென்று ஆகும். முலாம் மிக மெல்லியது, அழுத்தித் தேய்த்தால் உரிந்துவிடும். ரப்பர் துகள் ஒன்றுகூட மிஞ்சாமல் தூரிகையால் தட்டிவிட்டு, இரு முனையிலும் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகுங்கள். இரண்டு ராம்கள் இருந்தால் ஒவ்வொன்றாகத் தனியே போட்டுப் பாருங்கள். எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். புதிய டிடிஆர்5 இயந்திரங்கள் ராமை மாற்றியபின் முதல்முறை சில நிமிடங்கள்கூட இருட்டாகவே இருக்கும். ராமைப் பழகிக்கொள்ள அவை எடுக்கும் நேரம் அது. அவசரப்பட்டு அணைக்க வேண்டாம்.

ஐந்தாறு வருடம் ஆன இயந்திரம் என்றால், மதர்போர்டில் நாணயம் போலப் பதிந்திருக்கும் 3 வோல்ட் பேட்டரியையும் மாற்றிவிடலாம். சிஆர்2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அது தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும், பயாஸில் நாம் மாற்றிய அமைப்புகளும் அழிந்து முதலில் இருந்த நிலைக்குத் திரும்பலாம். டிஸ்க்கைப் படிக்கும் முறை மாறிப்போய், நேற்றுவரை நன்றாக ஓடிய விண்டோஸ் இன்று எழ மறுப்பதற்கு இப்படி ஒரு பேட்டரி காரணமாக இருக்கலாம்.

பயாஸ் தன் வேலையை முடித்ததும் டிஸ்க்கைத் தேடும். 'பூட் டிவைஸ்' இல்லை என்று எழுத்து வந்தால், செருகியே மறந்துபோன பென் டிரைவை முதலில் பிடுங்குங்கள். பிறகு எஃப்2 அல்லது டெலிட் விசையை அழுத்தி பயாஸுக்குள் போய், டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் கேபிளோ டிஸ்க்கோதான் கோளாறு. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சீராக ஒலி வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் உள்ளிருக்கும் தகவல் மேலும் சேதமாகலாம். அதற்கு மேல் தகவல் மீட்பு நிபுணரின் வேலை.

பெயர் தெரிகிறது, விண்டோஸ் சின்னமும் வருகிறது, அதற்கு மேல் போகவில்லை என்றால் பெரும்பாலும் மென்பொருள் கோளாறு. இரண்டு மூன்று முறை தொடர்ந்து தொடங்க முடியாமல் போனால் விண்டோஸ் தானாகவே பழுதுநீக்கும் பகுதிக்குள் நுழையும். அங்கே ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசி அப்டேட்டை நீக்குதல், சேஃப் மோட் ஆகியவற்றை முயலலாம். சேஃப் மோடில் அத்தியாவசிய டிரைவர்கள் மட்டுமே ஏறும். கெடுத்தது எதுவோ அதை உள்ளே போய் அகற்ற முடியும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சேஃப் மோடில் நுழைந்து ஒரு கோப்பை அழித்ததும் அந்த இயந்திரங்கள் எழுந்துகொண்டன. பார்மட் தேவைப்படவில்லை.

எதுவும் பலிக்காவிட்டாலும் தகவலைக் காப்பாற்ற வழி இருக்கிறது. உபுண்டு போன்ற லினக்ஸை வேறொரு கம்ப்யூட்டரில் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே இயந்திரத்தை ஓட்டலாம். டிஸ்க்கில் எதையும் நிறுவாமல் உங்கள் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். விண்டோஸின் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு இருந்தால் மட்டும் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் அந்த டிஸ்க் திறக்காது.

ஆகவே கடைக்குப் போகும் முன், ஃபேன் ஓடியதா, பீப் வந்ததா, எழுத்து வந்ததா, சின்னம் வந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பார்மட் என்ற பேச்சு எழுந்தால், முதலில் தகவலை எடுத்துத் தரச் சொல்லுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் இன்று நன்றாக ஓடுகிறது என்றால், அதில் பிட்லாக்கர் இருந்தால் அந்த 48 இலக்க எண்ணை இன்றே எழுதி வையுங்கள். முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து வையுங்கள்.