காந்தும் தோலுக்கு எண்ணெய் எப்போது?

படப்பையைத் தாண்டி ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு மே மாத வெயிலில் பைக்கில் போகிறவர்களுக்கு, அரைக்கை முடியும் இடத்திலிருந்து மணிக்கட்டு வரை தோல் காந்தும். வீட்டுக்கு வந்ததும் கை தேடுவது தேங்காய் எண்ணெயைத்தான். தடவலாம், உடனே வேண்டாம்.

ஏன்? காந்தலுக்குக் காரணம் வெயிலின் சூடு அல்ல, புற ஊதாக் கதிர். அது தோல் செல்களின் டிஎன்ஏவைச் சிதைக்கிறது. செல்கள் புரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருள்களைச் சுரக்க, ரத்த நாளங்கள் விரிந்து தோல் கொதிக்கிறது. கருத்த தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அதனால் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 12 முதல் 24 மணி நேரத்தில் வேதனை உச்சத்துக்குப் போகும். அப்போது எண்ணெயை அப்பினால் சூடு வெளியேறாது. குளிர்ந்த நீரில் நனைத்த துணி போதும், ஐஸ் கூடாது.

சில நாளில் தோல் வறண்டு உரியும்போதுதான் எண்ணெய்க்கு வேலை. குளித்த ஈரம் காயும் முன் மெல்லிசாகத் தடவினால், படலமாக நின்று ஈரம் ஆவியாவதைக் குறைக்கும். இதற்குத் தேங்காய் எண்ணெய் நல்லது. ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் ஓலிக் அமிலம் மேல்தோலின் கொழுப்பு அடுக்கைக் கலைத்துவிடும்.

கொப்புளம் வந்தால் எண்ணெய் தொடாமல் டாக்டரிடம் போங்கள். எந்த எண்ணெயும் சன்ஸ்கிரீனுக்கு ஈடாகாது; பைக்கில் ஏறும்போது முழுக்கைச் சட்டை போடுங்கள்.