மெழுகில் மணம் தங்க வேண்டுமானால்...

“மிஸ், நாப்பது பக்கெட்டையும் திருப்பி அனுப்பிட்டாங்க.”

தொலைபேசியில் அந்தத் தங்கச்சி இவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் காலை பஸ் எடுத்து வாகரைப் பக்கம் போனேன்.

அந்தக் கிராமத்தில் ஏழு பெண்கள் ஒன்றுசேர்ந்து வாசனை மெழுகுத் துண்டுகள் செய்து விற்கின்றார்கள். 2006 இன் இறுதியில் உடுத்த உடுப்போடு ஊரை விட்டு வெளியேறி, 2007 இல் திரும்பி வந்த குடும்பங்கள் அவர்களுடையவை. ஐந்து பேர் தனித்து நின்று குடும்பத்தைக் கொண்டு நடத்துகின்றவர்கள். கடனெடுத்துத்தான் மெழுகும் எண்ணெயும் வாங்கியிருந்தார்கள். திங்கட்கிழமை தவணை கட்ட வேண்டும். பாசிக்குடாவிலுள்ள விடுதியொன்று வாங்கிய பொருளைத் திருப்பிவிட்டது.

இந்தத் துண்டைக் காணாதவர்களுக்காகச் சொல்கின்றேன். இது திரியில்லாத மெழுகு. சிறிய மண் அடுப்பின் மேல் தட்டில் துண்டை வைத்து, அடியில் தகரக் கிண்ணத்தில் வரும் சிறு மெழுகுதிரியை ஏற்ற வேண்டும். துண்டு உருகும்போது மணம் பரவும். புகை இராது.

விடுதிக்காரர் சொன்ன குறை இரண்டு. துண்டுகள் வியர்த்துப் பொலித்தீன் பையெல்லாம் எண்ணெயாகிவிட்டது. ஏற்றினால் அரை மணித்தியாலத்தில் மணம் போய்விடுகின்றது. “இவ்வளவு எண்ணெய் விட்டும் மணக்கல்லையே” என்று அவர்கள் அழாக்குறையாகக் கேட்டார்கள். பல்கலைக்கழகத்தில் நான் படித்தது சமூகவியல். மெழுகைப் பற்றி அங்கே எவரும் சொல்லித் தரவில்லை. விசாரித்தும், அவர்களோடு சேர்ந்து இரண்டு கிலோ மெழுகைப் பழுதாக்கியும் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

முதலாவது, அளவு. ஒரு கிலோ மெழுகுக்கு 60 கிராம் வாசனை எண்ணெய் போதும். 100 கிராமுக்கு மேல் போகக்கூடாது. இவர்கள் 150 கிராம் விட்டிருக்கின்றார்கள். மெழுகு தன்னால் இயன்ற அளவைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். மிச்சம் வெளியே கசியும். எல்லாப் பொருளிலும் விலை கூடியது எண்ணெய்தான். ஆகவே கைக்கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துவிடுங்கள்.

ஏன் அவ்வளவு விட்டார்கள்? காலையிலிருந்து அதே கொட்டிலுக்குள் இருந்து வேலை செய்கின்றவர்களின் மூக்குக்கு அந்த மணம் பழகிவிடும். பிறகு அது தெரியாது. தெரியவில்லை என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றியிருக்கின்றார்கள். வீட்டில் ஏற்றுபவர்களுக்கும் இது நடக்கும். மணம் போய்விட்டது என்று நினைத்தால் வெளியே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து பாருங்கள்.

அடுத்தது சூடு. மெழுகுப் பேணியை நேரே அடுப்பில் வைக்காமல், கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்க வேண்டும். உருகியதும் இறக்கி வைத்தே எண்ணெய் விட வேண்டும். சமையலில் தாளிதத்தைக் கடைசியில் போடுவது போலத்தான். அடுப்பில் இருக்கும்போதே விட்டால் மணத்தின் பாதி குசினியிலேயே பறந்துவிடும். அதற்காக உறையத் தொடங்கும்வரை பொறுத்திருந்தால் எண்ணெய் கலவாது. வெப்பமானி இருந்தால் 75 முதல் 80 பாகை செல்சியஸ் வரை நல்லது. இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்கி, சற்று ஆறவிட்டு அச்சில் ஊற்றுங்கள்.

உடம்பில் பூசும் சென்ற்றை ஊற்றாதீர்கள். அதிலிருப்பது மதுசாரம், மெழுகோடு கலவாது, தீயும் பிடிக்கும். மல்லிகைப் பூவைப் போட்டுப் பார்த்தோம், பூ கறுத்ததுதான் மிச்சம். பேணியில் தீப்பிடித்தால் மூடியால் மூட வேண்டும், ஒருபோதும் தண்ணீர் ஊற்றக்கூடாது. பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லோருக்கும் கஷ்டமானது: பொறுத்திருத்தல். இன்று ஊற்றியதை நாளை விற்கக்கூடாது. காற்றுப் புகாத பேணியில் ஒரு கிழமையாவது வெயில் படாமல் வைத்தால்தான் எண்ணெய் மெழுகோடு ஊறிச் சேரும். சோயா மெழுகானால் இரண்டு கிழமை. தவணைக்காரன் வாசலில் நிற்கும்போது ஒரு கிழமை பொறு என்று சொல்வது எனக்கு இலகு. அதனால் அவர்கள் இப்போது சிறிது சிறிதாக, கிழமைக்கொரு தடவை ஊற்றுகின்றார்கள். ஒன்று ஊறும்போது மற்றது விற்பனைக்குப் போகும்.

எண்ணெய்க்கு எண்ணெய் குணம் வேறு. தோடம்பழம், தேசிக்காய் மணங்கள் முதலில் குப்பென்று வரும், விரைவில் பறந்துவிடும். சந்தனம், வனிலா மெதுவாக வந்து நெடுநேரம் நிற்கும். தோடம்பழத்தோடு கொஞ்சம் கறுவா சேர்த்தால் இரண்டுக்கும் நல்லது. கறுவா எண்ணெய் தோலை எரிக்கும், கை கவனம்.

வாங்குபவர்களுக்கும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுக்கின்றோம். தட்டு தீக்கு மிக அருகில் இருந்தால் மணம் ஒரேயடியாகப் போய்விடும். மின்விசிறிக்கு நேரே வைக்க வேண்டாம். ஏற்றிவிட்டு நித்திரை கொள்ள வேண்டாம். மெழுகு குறையாது, மணம்தான் குறையும். ஆகவே மணமற்ற பழைய மெழுகை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். பழையதைத் தண்ணீர்க் குழாயில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். பொச்சு மட்டையில் ஊற்றி வைத்தால் அடுப்பு மூட்ட உதவும்.

இப்போது மணம் பார்ப்பது ஒரு பெரியக்கா. ஆடு மேய்ப்பவர், கூட்டங்களுக்கு வராதவர். புகை என்றால் அவருக்கு நெஞ்சடைக்கும். ஊரை விட்டு ஓடிய நாளுக்குப் பிறகு வீட்டில் சாம்பிராணி போட்டதில்லை என்றார். கொட்டிலுக்குள் இருப்பவர்களின் மூக்கை நம்ப முடியாது, வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்று கேட்டபோது முதலில் மறுத்தார். இப்போது மாலையில் ஆடுகளைக் கட்டிவிட்டு வாசலில் வந்து நின்று, “இது காணும்”, “இதுல கறுவா கூடிட்டு” என்று சொல்லிவிட்டுப் போகின்றார்.

விடுதி இம்முறை இருபது பக்கெட் மட்டும் எடுத்திருக்கின்றது. தவணையில் பாதிதான் கட்ட முடிந்தது.

போன வெள்ளிக்கிழமை பெரியக்கா வாசலில் நிற்காமல் உள்ளே வந்தார். சந்தனத் துண்டு இரண்டை எடுத்து மடியில் முடிந்துகொண்டு, “சாமிப் படத்துக்கு முன்னால வைக்க. புகை இல்லாட்டி எனக்குச் சரி” என்றார். சும்மா கொண்டுபோகச் சொன்னார்கள். கேட்கவில்லை. காசைக் கணக்குக் கொப்பியில் எழுதச் சொல்லி, எழுதி முடியும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.