மாலை வகுப்பில் பலகை விளையாட்டு: பொழுதுபோக்கா, பாடமா?

"ஹஜ்ரத், பிள்ளையைப் படிக்கத்தானே அனுப்பினோம்? இங்கே கேரம் சத்தம் கேட்குதே!"

திருநாவலூர்ப் பகுதியில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே நாம் மாலை வகுப்பு நடத்துகிறோம். அதன் வாசலில் நின்று ஒரு தாய் கேட்ட கேள்வி இது. வயல் வேலை முடித்து நேராக வந்தவர். பிள்ளையின் படிப்பை மட்டுமே நம்பியிருப்பவர். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அன்று அவசரத்தில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுமையாகச் சொல்ல விரும்புகிறோம்.

விளையாட்டு காட்டிக்கொடுத்த உண்மை

நம் வகுப்பில் 'பாம்பும் ஏணியும்' பலகைக்குப் பகடை கிடையாது. பதிலாகக் கணக்கு அட்டைகள் வைத்திருக்கிறோம். ஓர் ஐந்தாம் வகுப்பு மாணவர் எடுத்த அட்டையில் '9 - 5' என்று இருந்தது. "நான்கு" என்று உடனே சொல்லிவிட்டார். 27ஆம் கட்டத்தில் இருந்த காயை, "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணி நகர்த்தினார். "இப்போது எந்த எண்ணில் நிற்கிறாய்?" என்று கேட்டோம். குனிந்து பார்க்காமல் அவரால் சொல்ல முடியவில்லை. கழித்தல் தெரிந்தவருக்கு 27க்குப் பிறகு நான்கு தள்ளினால் 31 என்பது மனத்தில் பதியவில்லை. நோட்டுப் புத்தகம் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த குறையைப் பலகை ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டது.

அன்று முதல் ஒரு விதி வைத்தோம். காயை நகர்த்தும்போது கட்டத்தில் உள்ள எண்ணையே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "28, 29, 30, 31."

இது நம் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவின் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைக் குடும்பத்துச் சிறு குழந்தைகளை 1 முதல் 10 வரை எண்கள் வரிசையாக உள்ள பலகையில் விளையாட வைத்தார்கள். 2 வாரத்துக்குள் தலா 15 நிமிடமாக 4 முறைதான் ஆட்டம். அதற்குள்ளேயே எது பெரிய எண், எது சிறிய எண் என்ற அறிவு தெளிவாக வளர்ந்தது. எண்ணுக்குப் பதிலாக வண்ணம் மட்டும் இருந்த பலகையில் ஆடிய குழந்தைகளுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. எண் கூடக் கூட கை நகரும் தூரம் கூடுகிறது, வாய் சொல்லும் சொற்கள் கூடுகின்றன, ஆகும் நேரமும் கூடுகிறது. எண்ணின் அளவு பிள்ளைக்கு இப்படித்தான் விளங்குகிறது.

2021 அக்டோபர் 27 அன்று, பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தின் முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தையும் நினைவுகூரலாம். கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பிள்ளைகள் இழந்த படிப்பை, மாலை நேரத்தில் ஆட்டம், பாட்டு, கதை வழியாகவே தன்னார்வலர்கள் மீட்க முயன்றார்கள்.

மார்க்கம் வகுத்த எல்லை

பகடையை ஏன் ஒதுக்கினோம் என்று சிலர் கேட்பார்கள். 'நர்த்' எனும் பகடை ஆட்டத்தை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்த ஹதீஸ், புரைதா (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அதனால் பெரும்பாலான அறிஞர்கள் பகடையைத் தடுத்துள்ளார்கள். சதுரங்கத்தில் கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபு அதைத் தடுக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில், பந்தயம் இல்லாமலும் தொழுகை தவறாமலும் ஆடினால் அது மக்ரூஹ் என்ற அளவில் நிற்கிறது. நம் வகுப்பில் இரு மத்ஹபுக் குடும்பத்தாரின் பிள்ளைகளும் இருப்பதால் சதுரங்கத்தை அந்தந்த வீட்டாரின் முடிவுக்கே விட்டுவிட்டோம்.

பந்தயத்தில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. புளியங்கொட்டையாக இருந்தாலும் ஆட்டம் முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளால் குடும்பங்கள் சீரழிந்ததால்தான் 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டிலும், 2025 ஆகஸ்டில் நாடு முழுவதற்கும் தனிச் சட்டங்கள் வந்தன. ஜெயித்தால் பணம் வர வேண்டும் என்ற ஆசை சிறு வயதிலேயே நுழையாமல் காப்பது நம் பொறுப்பு.

பாட்டி வீட்டுப் பல்லாங்குழி

செலவில்லாத விளையாட்டுகள் நம்மிடமே இருக்கின்றன. பல்லாங்குழியில் பக்கத்துக்கு 7 குழி, மொத்தம் 14. குழிக்கு 5 கொட்டை என்றால் 70, 6 என்றால் 84. எந்தக் குழியில் இருந்து எடுத்தால் எங்கே முடியும் என்று முன்கூட்டியே கணக்குப் போடும் பிள்ளைதான் ஜெயிக்கும். ஆடு புலி ஆட்டத்தில் 3 புலிகளை 15 ஆடுகள் மடக்க வேண்டும். தனி ஆடு பலியாகும், அடுத்தடுத்து நிற்கும் ஆடுகள் பிழைக்கும். கட்டுக்கோப்பின் பலனைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொள்கிறார்கள்.

தோற்கப் பழகுதல்

கைபேசியில் தோற்றால் பொத்தானை அழுத்தி மறு ஆட்டம் தொடங்கிவிடலாம். பலகையில் எதிரே ஒரு முகம் இருக்கிறது. முதல் வாரம் தோற்ற கோபத்தில் காய்களைத் தட்டிவிட்டு எழுந்து போன பிள்ளைகள் நம்மிடமும் உண்டு. அவர்களை நாம் திட்டுவதில்லை. சிதறிய காய்களைத் தாமே பொறுக்கி அடுக்கி, எதிரே ஆடியவருக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

2024 நவம்பரில் கலிஃபோர்னியாவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் 3 தங்கம் வென்ற காசிமா, வடசென்னையைச் சேர்ந்த ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். எல்லாப் பிள்ளைகளும் காசிமா ஆகப்போவதில்லை. ஆனால் தோற்றபின் மறுபடி பலகை முன் வந்து உட்காரும் மனம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தேவை.

வீட்டில் செய்ய வேண்டியது

பெற்றோர்களே! வாரத்தில் 2 நாள், 20 நிமிடம் போதும். கைபேசியை எட்ட வைத்துவிட்டுப் பிள்ளையோடு உட்காருங்கள். எண்களை வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்காதீர்கள். பாங்கு சொன்னதும் ஆட்டத்தை அப்படியே நிறுத்துங்கள். ஆசையான ஒன்றைத் தொழுகைக்காக விட்டுவிட்டு எழுவதும் பிள்ளைக்கு ஒரு பயிற்சிதான்.

கேள்வி கேட்ட அந்தத் தாயை மறுநாள் உள்ளே அழைத்து, மகனோடு பல்லாங்குழி முன் உட்காரச் சொன்னோம். சிறு வயதில் ஆடியவர் போலும், கை தானாகவே ஓடியது. மகன்தான் திணறினார். "நாளைக்கும் வருவீங்களாம்மா?" என்று அவர் கேட்டதை நாமும் கேட்டோம். இன்ஷா அல்லாஹ், நீங்களும் ஒரு நாள் உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள்.