உடைந்தது திரை மட்டும்தான்

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பாவித்துவிட்டு அனுப்பிய மடிக்கணினி ஒன்று இன்று எமது பல வீடுகளில் இருக்கிறது. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளையின் படிப்புக்கென்று கடன்பட்டு வாங்கியவர்களும் உண்டு. அது ஒருநாள் கீழே விழுந்து திரை வெடித்துவிட்டால் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிடுகிறோம். உடைந்தது பெரும்பாலும் திரை மட்டும்தான். உள்ளே சேர்த்து வைத்தவை அப்படியே இருக்கும். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையே அதற்குத் திரையாக்கிக் கொள்ளலாம்.

மாத்தளை மாவட்டத்தில் உக்குவளைப் பக்கத்து மகளிர் குழு ஒன்றில் அக்கா ஒருவர் இருக்கிறார். 1983 வன்செயலின்போது தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம். மலையகத்திலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் அந்த நாளில் ஏராளம். 2009இல் யுத்தம் முடிந்தபோது கணவர் அவருடன் இல்லை. இரண்டு பிள்ளைகளோடு பெரியம்மா வீட்டுக்குத் திரும்பி வந்து தையல் தைத்துச் சீவிக்கிறார். கணவரைத் தேடி எழுதிய கடிதங்கள், பொலிஸ் முறைப்பாடு, சர்வதேச செஞ்சிலுவைக் குழு கொடுத்த துண்டு, 2018இல் பணியைத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகத்துக்குக் கொடுத்த படிவம் எல்லாவற்றையும் மகள் படமெடுத்து மடிக்கணினியில் போட்டு வைத்திருந்தாள். மூலக் கடதாசிகளில் பாதி மழை ஒழுக்கில் ஊறிப் போய்விட்டன. மடிக்கணினி விழுந்து உடைந்த பிறகு புதுத் திரை போடக் கடையில் கேட்ட காசு, அக்காவின் இரண்டு மாதத் தையல் வருமானம்.

“விடுங்க மிஸ், எல்லாம் போச்சு. அவர்ட படமும் அதுக்குள்ளதான் இருந்திச்சு” என்றார்.

மடிக்கணினியின் ஓரத்தைப் பார்த்தேன். கட்டைவிரல் நக அகலத்தில், தட்டையாக, கீழ் மூலைகள் இரண்டும் உள்ளே சரிந்த துவாரம் ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் எச்.டி.எம்.ஐ. 2002ஆம் ஆண்டின் கடைசியில் அறிமுகமானது. தட்டையான தொலைக்காட்சிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இது இருக்கிறது. ஒரே வயரில் படமும் போகும், சத்தமும் போகும். பெரியம்மா வீட்டு டீவியின் பின்னால் அதே துவாரம் இரண்டு இருந்தன. அயல்வீட்டு டிஷ் பெட்டியில் கொழுவியிருந்த வயரை, நாடகம் தொடங்குவதற்கு முன் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு இரவல் வாங்கினோம்.

இரண்டையும் நிறுத்திவிட்டு வயரைக் கொழுவினோம். டீவியை முதலில் போட்டு, ரிமோட்டில் ‘சோர்ஸ்’ என்ற பொத்தானை (சிலவற்றில் ‘இன்புட்’ என்றிருக்கும்) அழுத்தி, வயர் கொழுவிய துவாரத்தின் இலக்கத்தைத் தெரிவுசெய்தோம். இலக்கம் துவாரத்தின் அருகிலேயே எழுதப்பட்டிருக்கும். அதன்பின் மடிக்கணினியைப் போட்டோம்.

பல மடிக்கணினிகளில் படம் தானாகவே வந்துவிடும். வராவிட்டால் நான்கு சதுரம் போட்ட விண்டோஸ் விசையை அழுத்தியபடி ‘பி’ விசையை ஒரு தடவை தட்ட வேண்டும். நான்கு தெரிவுகள் வரும். உடைந்த திரையில் அவை தெரியாதல்லவா? ஆகவே கீழ்நோக்கிய அம்புக்குறியை ஒருமுறை தட்டி, என்டரை அழுத்தி, பத்து வினாடி பொறுத்து டீவியைப் பாருங்கள். வராவிட்டால் அதையே திரும்பச் செய்யுங்கள். கடவுச்சொல் கேட்கும் கணினியானால் முதலில் அதைக் கண்ணால் பாராமலே எழுதி என்டர் கொடுக்க வேண்டும். மூடியை மூடிவிடாதீர்கள், மூடினால் பெரும்பாலான கணினிகள் உறங்கிவிடும்.

மகள் முகப்புப் படமாக வைத்திருந்தது தாய் தகப்பனின் கல்யாணப் படம். டீவித் திரை நிறைய அது வந்து நின்றபோது அக்கா ஒன்றும் பேசவில்லை. பெரியம்மாதான், “மருமகன் அப்ப எவ்வளவு மெலிவா இருந்திருக்காரு” என்றார்.

நாடகத்துக்கு நேரம் இருக்கும்போதே எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்தோம். ஒன்று வீட்டில் இருக்கும், மற்றது தங்கச்சி வீட்டில். முதலில் பிரதி, மற்ற வேலை எல்லாம் பிறகு. விழுந்த கணினியின் உட்பாகம் எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டீவி இருப்பது முன் அறையில். தண்ணீர் கேட்டு வருபவரும் சீட்டுக்காசு வாங்க வருபவரும் வாசலில் நின்றே அதைப் பார்க்கலாம். உங்கள் முறைப்பாட்டுக் கடிதமும் வங்கிப் புத்தகமும் பெரிய எழுத்தில் அங்கே தெரியும். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். திரை நல்ல நிலையிலுள்ள மடிக்கணினியைக் குழுக் கூட்டத்தில் டீவியோடு இணைக்கும்போது, நான்கு தெரிவுகளில் ‘எக்ஸ்டென்ட்’ என்பதைத் தெரிவுசெய்தால், நீங்கள் இழுத்துவிடும் பக்கம் மட்டுமே டீவிக்குப் போகும். ‘டூப்ளிகேட்’ என்றால் உங்கள் திரையில் உள்ளதெல்லாம் அப்படியே தெரியும். ஒரு பெண்ணின் விண்ணப்பத்தை டீவியில் போட்டு, “இப்படித்தான் நிரப்ப வேண்டும்” என்று மற்றவர்களுக்குக் காட்டும் வழக்கம் சில கூட்டங்களில் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. வெற்றுப் படிவத்தைக் காட்டினாலே போதுமே.

பழைய, பின்பக்கம் பெருத்த டீவி உள்ளவர்கள் என்ன செய்வது? அதில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வட்டத் துவாரங்கள்தான் இருக்கும். தமிழ்நாட்டிலும் இதே கதைதான். அங்கே 2006இலிருந்து அரசு வீடுகளுக்கு இலவசமாக வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011இலிருந்து மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது. ஒரே வீட்டில் இரண்டும் இருந்தாலும், நடுவில் ஒரு சின்னப் பெட்டி இல்லாமல் அவை ஒன்றோடொன்று சேரா. எச்.டி.எம்.ஐயை ஏ.வி.யாக மாற்றும் அந்தப் பெட்டி கடைகளில் கிடைக்கும். யூ.எஸ்.பி வழியாக அதற்கு மின் கொடுக்க வேண்டும். அதில் ‘பால்’, ‘என்.டி.எஸ்.சி’ என்று ஒரு சுவிட்ச் இருந்தால் ‘பால்’ பக்கம் தள்ளுங்கள்; எமது நாட்டுப் பழைய டீவிகள் அந்த முறையைச் சேர்ந்தவை. படங்களும் வீடியோவும் நன்றாகத் தெரியும். சின்ன எழுத்துகள் மங்கும், பெரிதாக்கித்தான் வாசிக்க வேண்டும்.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்று வரிசையில் 15 துளைகள் கொண்ட வீ.ஜீ.ஏ துவாரம் பழைய மடிக்கணினிகளில் இருக்கும். அதன் ஒரு முனையையும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளையும் வெறுமனே பொருத்திய மலிவான வயர் ஒன்றைச் சில கடைகளில் நீட்டுவார்கள். நடுவில் மாற்றும் பெட்டி இல்லாத அந்த வயர் அநேகமான மடிக்கணினிகளில் வேலை செய்யாது. வீ.ஜீ.ஏ வயரைத் தட்டை டீவியிலுள்ள வீ.ஜீ.ஏ துவாரத்துக்குக் கொழுவலாம், ஆனால் சத்தம் போகாது. புது மடிக்கணினிகளின் சிறிய, நீள்வட்ட யூ.எஸ்.பி-சி துவாரத்தையும் நம்பி அடப்டர் வாங்கிவிடக் கூடாது. எல்லா யூ.எஸ்.பி-சியும் படம் அனுப்பாது. கடைக்குப் போகும்போது மடிக்கணினியையும், டீவியின் பின்பக்கத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்த படத்தையும் கொண்டுபோங்கள். கடையிலேயே அவர்களின் டீவியில் கொழுவிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

சத்தம் மடிக்கணினியிலேயே கேட்டால், கீழ் மூலையிலுள்ள ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தி டீவியின் பெயரைத் தெரிவுசெய்யுங்கள். படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் டீவியின் மெனுவில் படத்தின் அளவை மாற்றலாம்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னல் கூடும்போது டீவியின் பிளக், அன்டெனா வயர், மடிக்கணினியின் சார்ஜர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். எல்லாம் ஒன்றோடொன்று வயரால் கட்டப்பட்டிருப்பதால் ஒன்றுக்கு வருவது மற்றதற்கும் வரும்.

சிலர், “அப்படியென்றால் டீவி உடைந்தால் மடிக்கணினியில் நாடகம் பார்க்கலாமா?” என்று கேட்கிறார்கள். சாதாரண மடிக்கணினியின் எச்.டி.எம்.ஐ துவாரம் படத்தை வெளியே அனுப்புமேயன்றி உள்ளே வாங்காது. டிஷ் பெட்டியின் வயரை அதில் கொழுவினால் ஒன்றும் வராது.