மாற்று இயந்திரத்தின் தாளக் கணக்கு

பழைய மோட்டோர் வண்டியின் உடலை வைத்துக்கொண்டு அதன் இயந்திரத்தை மட்டும் இறக்கிவிட்டு, வேறொரு வண்டியின் இயந்திரத்தை ஏற்றுவது அமெரிக்காவிலே பலருக்குப் பொழுதுபோக்கு. சிலருக்கு அதுவே சீவனம். அவர்கள் மிகுதியாக நாடுவது ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தாரின் எல்.எஸ். என்னும் எட்டு உருளை இயந்திரத்தை. 1997ஆம் ஆண்டுக் கொர்வெற் வண்டியில் முதன்முதல் வந்த இவ்வகை, பின்னர் இலட்சக்கணக்கான கார்களிலும் பார வண்டிகளிலும் பொருத்தப்பட்டமையால், உடைந்த வண்டிகள் விற்குமிடங்களில் தாராளமாகக் கிடைக்கின்றது. தாங்கிகளை ஒட்டுவதும் புகைக்குழாயை வளைப்பதும் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். கைதேர்ந்த ஒட்டுவேலைக்காரர் அவற்றை முடித்துவிடுவார். அத்தனையும் முடிந்த பின்னரும் இயந்திரம் சுழல்கின்றதேயன்றிப் பற்றிக்கொள்வதில்லை என்ற நிலை உண்டு. அதனினும் கொடியது, பற்றிக்கொண்டு சில வாரங்கள் ஓடிய பின் பிஸ்டன் உடைந்துபோவது. இவ்விரண்டுக்கும் காரணம் பல வேளைகளில் ஒன்றே: கிராங்குத் தண்டின் காலக் கணக்குப் பொருந்தவில்லை.

அந்தக் கணக்கு யாது? பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்குத் தண்டு. வால்வுகளைத் திறந்து மூட வைப்பது காம் தண்டு. கிராங்கு இரண்டு முறை சுற்றும்போது காம் ஒரு முறை சுற்றவேண்டும். ஆகையால் காமின் பற்சக்கரத்துக்குக் கிராங்கின் பற்சக்கரத்தைப்போல் இருமடங்கு பற்கள். இரண்டையும் ஒரு சங்கிலி பிணைக்கின்றது. எல்.எஸ். இயந்திரத்தில் இரு சக்கரங்களிலும் ஒவ்வொரு புள்ளி பொறிக்கப்பட்டிருக்கும். கிராங்கின் புள்ளி மேல்நோக்கியும் காமின் புள்ளி கீழ்நோக்கியும் ஒன்றையொன்று பார்த்து நிற்கையில் சங்கிலியைப் பூட்டுவர். சங்கிலி பல பற்கள் பிசகி ஏறிவிட்டால், திறந்திருக்கும் வால்வைப் பிஸ்டன் முட்டி வளைத்துவிடும்.

இது பொறிமுறைக் கணக்கு. தீப்பொறியின் கணக்கு வேறு. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் இயந்திரத்தில் கிராங்கு ஒரு பாகை திரும்ப எடுக்கும் நேரம் ஒரு செக்கனில் 36,000இல் ஒரு பங்கு. இத்துணை நுண்ணிய நேரத்துள் எந்த உருளையில், எந்தப் பாகையில் தீப்பொறி விழவேண்டும் என்பது முடிவாக வேண்டும். 1955ஆம் ஆண்டு வெளிவந்த செவ்ரோலெற்றின் பழைய எட்டு உருளை இயந்திரத்தில் இவ்வேலையைச் செய்தது, காம் தண்டினாற் சுழற்றப்பட்ட டிஸ்றிபியூற்றர். அதன் பிடியைத் தளர்த்தி, கையாற் சற்றே திருப்பி, காதாற் கேட்டே மெக்கானிக்குகள் சரிசெய்வர். எல்.எஸ். இயந்திரத்தில் அப்படித் திருப்புவதற்கு ஒன்றுமில்லை. உருளைக்கு ஒன்றாக எட்டுத் தீப்பொறிச் சுருள்கள்; எட்டையும் ஆள்வது ஒரு கணினி.

கணினிக்குக் கண்ணில்லை. கிராங்கு எங்கே நிற்கின்றது என்பதை அதற்கு உணர்த்துவது, தண்டின் பின்முனையில் இறுக்கிப் பொருத்தப்பட்ட ஒரு பல்வளையம். ஸ்டார்ட்டர் மோட்டோரின் பின்னால், இயந்திரத்தின் பக்கவாட்டில், ஓர் உணரி செருகப்பட்டிருக்கும். பற்கள் அதனைக் கடக்குந்தோறும் மின்துடிப்பு எழும். தாளக்காரர் கையைப் பார்த்துத் தவிலடிப்பவர் அடியெடுப்பது போல, இத்துடிப்புகளை எண்ணிக் கணினி தீப்பொறியை விடுகின்றது.

இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. எல்.எஸ். வகையில் இரண்டு தாளங்கள் உண்டு. முற்பட்ட இயந்திரங்களின் வளையம் சுற்றுக்கு 24 துடிப்புகள் தரும். அவற்றுட் சில அகலமானவை, சில ஒடுங்கியவை. அகலமும் ஒடுக்கமும் மாறிவரும் ஒழுங்கைக் கொண்டு கணினி இடத்தை அறியும். பிற்பட்டவற்றின் வளையமோ 60 பற்களுக்கு இடம் வகுத்து, இரண்டை விட்டு, 58 பற்களுடன் அமைந்தது. பல்லுக்குப் பல் 6 பாகை. அந்த வெற்றிடம் வரும்போதெல்லாம் சுற்றின் தொடக்கம் இன்னதென்று கணினி குறித்துக்கொள்ளும். 24க்கென எழுதப்பட்ட கணினிக்கு 58இன் துடிப்பு வெறும் இரைச்சல். பெற்றோலும் பாயாது, தீப்பொறியும் விழாது.

கிராங்கு மட்டும் போதாது. இரண்டு சுற்றுகளுக்கு ஒரு முறையே ஓர் உருளை எரிவதால், இது முதற் சுற்றா இரண்டாஞ் சுற்றா என்பதைக் காம் தண்டின் உணரி சொல்லவேண்டும். முற்பட்ட இயந்திரங்களில் அவ்வுணரி பின்புற மேற்பகுதியில் இருந்தது. பிற்பட்டவற்றில் முன்புறச் சங்கிலி மூடியில். ஆகவே வளையத்தை மாற்றுகிறவர் காமின் பற்சக்கரத்தையும், முன் மூடியையும், அதற்குரிய கம்பிகளையும் சேர்த்தே மாற்ற நேரலாம். செலவுக் கணக்கில் இதனை மறந்து விடுபவர் பலர்.

இயந்திரத்தை ஓரிடத்திலும் கணினியை வேறோரிடத்திலும் வாங்குவதே குழப்பத்தின் தோற்றுவாய். விற்பவர் சொல்லும் ஆண்டை மட்டும் நம்புதல் ஆகாது: 2005ஆம் ஆண்டின் எல்.எஸ். 2 இயந்திரம் நான்காந் தலைமுறையைச் சேர்ந்ததாயினும் 24இன் வளையத்தையே கொண்டிருந்தது. அதே பெயருடைய பிந்திய இயந்திரங்களில் 58 வந்துவிட்டது. கிராங்கின் உணரி கறுப்பாயின் 24, சாம்பல் நிறமாயின் 58 என்பது பழகியவர்கள் சொல்லும் அடையாளம். ஆனால் உணரியை யாரேனும் மாற்றியிருக்கவுங்கூடும். உணரியைக் கழற்றி, அதன் துளைக்குள் வெளிச்சம் பாய்ச்சி, தண்டைக் கையாற் சுற்றிப் பற்களைப் பார்ப்பதே ஐயந்திரிபற்ற வழி.

பொருத்தமின்மை தெரிந்தபின் செய்யத்தக்கவை சில. வளையத்துக்கேற்ற கணினியைத் தேடிக்கொள்வது எளிதும் நேர்மையுமான வழி. பெரும்பாலானோர்க்கு அதுவே போதும். 58இன் துடிப்பை 24இன் துடிப்பாக மொழிபெயர்க்கும் சிறு மின்னணுப் பெட்டிகளும் விற்பனைக்கு உண்டு. இயந்திரம் எப்படியும் பிரிக்கப்படுகின்றதானால், கிராங்கை வெளியே எடுத்து வளையத்தையே மாற்றலாம்.

கடைசி வழியில் அவதானம் மிக வேண்டும். வளையத்தை இடத்தில் நிறுத்தச் சாவியோ வெட்டோ கிடையாது. இறுக்கமே அதனைப் பிடித்து நிற்கின்றது. ஆகையால் தண்டின் பின்புறத் துளையோடு வளையத்தின் துளையை நேர்ப்படுத்தும் சட்டமொன்றில் தண்டை நிறுத்தி, வளையத்தைச் சூடாக்கி விரியவைத்து, ஒரே மூச்சில் இறக்கிவிடவேண்டும். பாதியிற் குளிர்ந்து பிடித்துக்கொண்டால் மீண்டும் கழற்றவேண்டியதுதான். சம்மட்டியால் தட்டி இறக்குவது பேதைமை; மெல்லிய வளையம் வளைந்து, சுழலும்போது தள்ளாடி, துடிப்புகளைத் தவறவிடும். மூன்று பாகை விலகிப் பொருந்திய வளையம் ஒவ்வொரு தீப்பொறியையும் மூன்று பாகை பொய்யாக்கும். முந்தி விழும் பொறியினால், பாரம் இழுக்கும் வேளையில் உருளைக்குள் தட்டோசை எழும். அதனைப் பொருட்படுத்தாது ஓட்டினால் உடைவது பிஸ்டன்.

வளையம் சரியாக அமர்ந்ததா என்று எப்படி அறிவது? பழைய இயந்திரங்களில் முன்புறச் சமனிச் சக்கரத்திற் கோடும், பக்கத்தில் அளவுகோலும் இருக்கும். எல்.எஸ். இயந்திரத்தின் சமனிக்கும் சாவியில்லை. எந்த நிலையிலும் அதனை ஏற்றிவிடலாம். எனவே முதலுருளைப் பிஸ்டனின் உச்ச நிலையைப் புதிதாகக் கண்டே குறி இடவேண்டும். அதற்குப் பழைய முறையொன்று இன்றும் கைகொடுக்கின்றது. பிளக்குகளை எல்லாம் கழற்றி, முதலாம் உருளையின் பிளக்குத் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் திருகொன்றைப் பூட்டுவர். தண்டைக் கையால் மெல்லச் சுற்ற, பிஸ்டன் திருகில் முட்டி நிற்கும். அங்கே சமனியில் ஒரு கோடு. எதிர்த்திசையிற் சுற்றி மீண்டும் முட்டவைத்து மற்றொரு கோடு. இரண்டுக்கும் நடுவே உச்ச நிலை. ஸ்டார்ட்டரால் இதனைச் செய்ய முயன்றால் பிஸ்டனின் தலை துளைபடும்.

குறி கிடைத்தபின் திருகைக் கழற்றி, இயந்திரத்தை ஓடவிட்டு, தீப்பொறியை 10 பாகையில் அசையாது நிறுத்தும்படி கணினிக்குக் கட்டளையிட்டு, மின்னும் விளக்கைக் குறியின்மேற் பிடிப்பர். விளக்கும் 10 காட்டினால் வேலை சரி. எந்த வேகத்திலும் ஒரே அளவு விலகிக் காட்டினால் வளையம் இடம் பிசகியது. வேகம் கூடக் கூட விலகலும் கூடினால் வளையத்திற் பிழையில்லை. உணரியோ, இடையிலுள்ள மின்னணுப் பெட்டியோ தாமதிக்கின்றது. தனியாக வாங்கும் கணினிகள் பலவற்றில் அந்த விலகலை எண்ணாகக் கொடுத்து நேராக்கிவிடலாம். தொழிற்சாலைக் கணினியை அப்படியே பயன்படுத்துகிறவருக்கு இவ்வசதி எளிதிற் கிட்டாது. வளையம் பிசகியிருப்பின், ஏற்றிய இயந்திரத்தை மறுபடி இறக்கி, கிராங்கை வெளியே எடுக்கவேண்டியிருக்கும். இதனாலேயே அனுபவசாலிகள் இயந்திரத்தை வண்டியில் ஏற்றுமுன், தாங்கியில் நிறுத்தி ஓடவிட்டு, விளக்கைப் பிடித்துப் பார்த்துவிடுகின்றனர்.