புதியோர்க்குக் கிரிக்கெட்



எங்கள் குருக்கள்மடம், கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையே அமைந்த எழுவான்கரை ஊர்களுள் ஒன்று. இங்கே துடுப்பு என்றதும் முதியோர்க்குத் தோணி வலிக்கும் துடுப்பே நினைவுக்கு வரும். சிறுவர்க்கோ கிரிக்கெட் துடுப்பு. சொல் ஒன்று, பொருள் இரண்டு. ஒரே வீட்டில், ஒரே வானொலியின் முன் அமர்ந்திருந்தும், நேர்முக வர்ணனை தொடங்கியதும் ஒரு சாரார் ஆரவாரிக்க, மற்றொரு சாரார் ஒன்றும் விளங்காது எழுந்து செல்வர். அவ்வாறு எழுந்து செல்வோர்க்காகவே இன்றைய பேச்சு.

விளங்காமை நமக்கு மட்டும் உரியதன்று. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இருபது ஓவர் உலகக் கிண்ணப் போட்டிகள் மேற்கிந்தியத் தீவுகளிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் நடைபெற்றன. பேஸ்போல் ஆட்டத்தில் ஊறிய அந்நாட்டிற் புதிதாக இவ்வாட்டத்தைப் பார்க்க வந்தவருக்கும், நம் வீட்டுப் பாட்டிக்கும் எழும் வினாக்கள் பெரும்பாலும் ஒன்றே.

முதலில் அடிப்படையைக் கூறுவோம். அணிக்குப் பதினொருவர். மைதானத்தின் நடுவே 22 யார் நீளமான ஆடுகளம். அதன் இரு முனைகளிலும் மும்மூன்று தடிகள் நாட்டப்பட்டிருக்கும். அத்தடிகளே விக்கெட். ஒருவர் பந்தை வீச, எதிரணியாளர் துடுப்பால் அதனை அடிக்கிறார். அடித்தவரும், மறுமுனையில் நிற்கும் அவருடைய துணைவரும் இடம் மாறி ஓடினால் ஓர் ஓட்டம். பந்து உருண்டு எல்லைக் கோட்டைத் தொட்டால் நான்கு. நிலந்தொடாமல் எல்லையைக் கடந்தால் ஆறு. ஆறு பந்துகள் சேர்ந்தது ஓர் ஓவர். பந்து தடிகளைச் சாய்த்தாலும், அடித்த பந்து நிலத்தில் விழுமுன் பிடிக்கப்பட்டாலும், ஓடி முடிக்குமுன் தடிகள் வீழ்த்தப்பட்டாலும் துடுப்பாட்டக்காரர் ஆட்டமிழப்பார். இதனையே விக்கெட் வீழ்ந்தது என்கிறோம். எப்பொழுதும் இருவர் களத்தில் நிற்கவேண்டுமாதலால், பத்து விக்கெட்டுகள் வீழ்ந்ததும் பதினொருவருடைய ஆட்டமும் முடிவுறும்.

பேஸ்போல் அறிந்தவர்க்கு மூன்று வேறுபாடுகளைச் சொன்னாற் போதும். அங்கே இரு கோடுகளுக்கு உட்பட்ட பக்கமாகவே பந்தை அடிக்கவேண்டும்; இங்கே எத்திசையிலும் அடிக்கலாம், பின்புறமும் விலக்கன்று. அங்கே பந்தை முறையாக அடித்தவர் ஓடியே ஆகவேண்டும்; இங்கே ஓடுவதும் நிற்பதும் அவர் விருப்பம். அங்கே ஆட்டமிழந்தவர்க்கு அதே ஆட்டத்திற் பலமுறை வாய்ப்பு மீளும். இங்கே ஆட்டமிழந்தவர் அந்த இன்னிங்ஸில் மீண்டும் துடுப்பெடுக்க இயலாது. ஒரு தவறு அவருடைய நாளையே முடித்துவிடலாம். எளிதான பந்தைக்கூடத் துடுப்பாட்டக்காரர் சிலவேளை அடிக்காது விட்டுவிடுவதன் காரணம் இதுவே. அது சோம்பலன்று, காப்பு.

இனி, புதியவரைப் பெரிதும் மயக்குவது எண்ணிக்கை. நமது கொம்புமுறி விளையாட்டில் வடசேரியும் தென்சேரியும் இழுக்க, ஒரு பக்கத்துக் கொம்பு முறிந்தவுடன் வெற்றி எவர்க்கென்று ஊருக்கே தெரிந்துவிடும். கிரிக்கெட்டில், ஆட்டத்தின் நடுவே எவர் முந்தி நிற்கின்றார் என்பதை ஓர் எண் மட்டும் சொல்லாது. ஓட்டம், விக்கெட், ஓவர் ஆகிய மூன்றையும் சேர்த்தே நோக்கவேண்டும்.

பத்துத் துடுப்புகளோடு ஒரு தோணி எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் புறப்படுவதாக எண்ணிக்கொள்வோம். கடக்கவேண்டிய தூரமே ஓட்டம். கையிலுள்ள துடுப்புகளே விக்கெட்டுகள். முறிந்த துடுப்பு மீளாது. பொழுது சாயுமுன் எஞ்சியுள்ள வெளிச்சமே ஓவர். விரைந்து வலித்தால் துடுப்பு முறியலாம். அஞ்சி மெல்ல வலித்தால் இருட்டிவிடலாம். இவ்விரண்டு அச்சங்களுக்கும் இடையே தோணியைச் செலுத்தும் அறிவே கிரிக்கெட்.

இரு போட்டிகளை எடுத்துக்காட்டுவோம். 2024 ஜூன் 6ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகருக்கு அருகே அமெரிக்காவும் பாகிஸ்தானும் மோதின. பாகிஸ்தான் 20 ஓவர்களில் 7 விக்கெட்டுகளை இழந்து 159 ஓட்டங்களைப் பெற்றது. அமெரிக்கா 19 ஓவர்களில் 3 விக்கெட்டுகளை மட்டும் இழந்து 145 ஓட்டங்களில் நின்றது. துடுப்புகள் ஏழு உள. வெளிச்சமோ ஆறு பந்துகளே. வேண்டிய ஓட்டங்கள் 15. இனித் துணிந்து வலிப்பதே வழி. இறுதிப் பந்தில் 5 ஓட்டங்கள் தேவைப்பட, நித்தீஷ் குமார் நான்கு ஓட்டங்களை அடித்து ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொணர்ந்தார். பின்னர் அணிக்கு ஓர் ஓவராக ஆடியதில் அமெரிக்கா 18 ஓட்டங்களும் பாகிஸ்தான் 13 ஓட்டங்களும் பெற, அமெரிக்கா வென்றது. அந்த ஓவரை வீசிய சௌரப் நேத்ரவால்கர் மும்பாயிற் பிறந்த மென்பொருட் பொறியியலாளர்.

மற்றையது, 1996 மார்ச் 17ஆம் நாள் லாகூரில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டி. அவுஸ்திரேலியா 50 ஓவர்களில் 241 ஓட்டங்களைப் பெற்றது. இலங்கை 23 ஓட்டங்களுக்கே 2 விக்கெட்டுகளை இழந்தது. இங்கு நிலைமை நேர்மாறு: வெளிச்சம் நிரம்ப உண்டு, துடுப்புகளையே காக்கவேண்டும். அசங்க குருசிங்கவும் அரவிந்த டி சில்வாவும் பொறுமையாக நின்று 125 ஓட்டங்களைச் சேர்த்தனர். அரவிந்த ஆட்டமிழக்காது 107 ஓட்டங்களைப் பெற, 22 பந்துகள் எஞ்சியிருக்கையில் ஏழு விக்கெட்டுகளால் இலங்கை வென்றது. ஏழு விக்கெட்டுகளால் என்பதன் பொருள், கரை சேர்ந்தபோது ஏழு துடுப்புகள் முறியாதிருந்தன என்பதே. கண்டியிற் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரனும் அவ்வணியில் ஆடினார். 2010இல் காலியில், தமது இறுதி டெஸ்ட் போட்டியில், 800ஆவது விக்கெட்டை வீழ்த்தினார்.

அமெரிக்கர்க்கு இவ்வாட்டம் முற்றிலும் அயலானது என்பதும் சரியன்று. 1844ஆம் ஆண்டிலேயே நியூயோர்க்கில் அமெரிக்காவும் கனடாவும் கிரிக்கெட் ஆடின. கனடா 23 ஓட்டங்களால் வென்றது. இங்கிலாந்தும் அவுஸ்திரேலியாவும் முதல் டெஸ்ட் போட்டியில் மோதியது அதற்கு 33 ஆண்டுகளின் பின்னரே. இடையில் பேஸ்போல் ஓங்க, கிரிக்கெட் அங்கே ஒதுங்கியது. பழகியவர்கள் குறைந்து, புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பாரும் இல்லாத விடத்து எந்த ஆட்டமும் ஒரு சிலருடைய வீட்டு வழக்கமாகச் சுருங்கிவிடும்.

நம் ஊரிலும் இதே ஆபத்து வேறு வடிவில் உண்டு. மாலையில் தென்னை மட்டையும் மென்பந்தும் கொண்டு சிறுவர் மணலில் ஆட, சிறுமியர் வேலியோரத்தில் நின்று பந்து பொறுக்கித் தருவதை ஒரு பாடசாலை அதிபர் என்ற முறையிற் பலகாலம் கண்டிருக்கிறேன். 2024 ஜூலையில் தம்புள்ளையில் இந்தியாவை 8 விக்கெட்டுகளால் வென்று ஆசியக் கிண்ணத்தைக் கைக்கொண்டது இலங்கை மகளிர் அணியே என்பதை அப்பிள்ளைகளுக்கு எவரேனும் சொல்லவேண்டும். சொல்லி, துடுப்பையும் அவர்கள் கையிற் கொடுக்கவேண்டும்.

ஆகவே, அடுத்த முறை வர்ணனை ஒலிக்கும்போது, விளங்காதவரை எழுந்து போக விடாதீர்கள். தூரம் எவ்வளவு, துடுப்பு எத்தனை, வெளிச்சம் எவ்வளவு என்ற மூன்று வினாக்களை மட்டும் அவருக்குக் கற்பியுங்கள். சிறிது நேரத்தில் அவரே உங்களிடம் நான்காவது வினாவைக் கேட்பார்.