பழைய மோட்டார் வண்டிக்கு ஏற்ற ரேடியேட்டர் விசிறி

கோயமுத்தூரில் சத்தியமங்கலம் சாலையிலுள்ள கணபதி, வார்ப்படச் சாலைகளுக்கும் யந்திரப் பட்டறைகளுக்கும் பேர்போனது. கொங்கு நாட்டுக் குடியானவர்களில் சிலர், தகப்பனார் காலத்து அம்பாசிடர் வண்டியை இன்றும் பேணி வருகின்றனர். உத்தரபாராவில் அவ்வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆகவே, இஞ்சின் கொதித்து அதன் தலைப்பாகம் வெடித்துவிடுமாயின், அந்நஷ்டத்தை ஈடு செய்வது எளிதன்று. ரேடியேட்டர் கொதித்தவுடன் பெரிய விசிறியொன்றை வாங்கிப் பூட்டுவோர் பலர். வாங்குமுன் நோயின் மூலத்தை அறிதல் அவசியம்.

களத்தில் நெல் தூற்றுங்கால், காற்று வீசினால் விசிற ஆள் வேண்டுவதில்லை. அதுபோலவே, மணிக்கு 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதுமானது. அவ்வேகத்திலும் கொதிக்குமாயின் குற்றம் பெரும்பாலும் விசிறியினுடையதன்று. ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்திருக்கலாம், தண்ணீர்ப் பம்பின் பெல்ட் தளர்ந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் திறவாதிருக்கலாம், தீப்பொறி நேரம் பிசகியிருக்கலாம். கடைத்தெரு நெரிசலில் நிற்கும்போதோ, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மெதுவாய் ஏறும்போதோ மட்டும் கொதித்தால், அப்போதே விசிறியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

விசிறியை மாற்றுமுன் அதைச் சுற்றியுள்ள தகட்டுக் கூட்டைக் கவனிக்கவேண்டும். உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுந்தால் பம்பு தண்ணீர் ஏற்றாது. அவ்வாறே, கூடு இல்லாவிடில் விசிறி தன்னைச் சுற்றியுள்ள வெங்காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும். ரேடியேட்டர் வழியே வரும் காற்று குறையும். கூடு ரேடியேட்டரின் பரப்பு முழுவதையும் மூடி, இடுக்கின்றிப் பொருந்தவேண்டும்.

இஞ்சினால் சுழலும் விசிறியில், வேகத்தைக் கூட்டுவதைவிட நன்கு வளைந்த இலைகள் அதிகமுள்ளதைத் தெரிந்தெடுப்பது நலம். வேகம் இரட்டித்தால் காற்றும் இரட்டிக்கும். ஆனால் அது விழுங்கும் சக்தியோ எட்டு மடங்காகும். விரிசல் கண்ட இலையை ஒருநாளும் உபயோகிக்கலாகாது.

மின்சார விசிறிக்கு ஒரு விசேஷ நன்மையுண்டு: வண்டி நின்றாலும் அது முழு வேகத்தில் சுழலும். ரேடியேட்டருக்குப் பின்புறமிருந்து காற்றை இழுக்கும்படி பூட்டுவது மேல். எனினும் பழைய டைனமோக்கள் பல, நல்ல வேகத்திலேயே சுமார் 22 ஆம்பியர்தான் தரும். நின்றபடி ஓடுகையில் மிகச் சொற்பம். பெரிய விசிறியோ 10 முதல் 20 ஆம்பியர் வரை கேட்கும். ஆல்டர்னேட்டர் இல்லாத வண்டியில் அதைப் பூட்டினால், பாட்டரி வற்றி நடுவழியில் நிற்க நேரிடும். ரிலேயும் பியூஸும் இன்றி இணைப்பதும் ஆபத்து. சில பழைய வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையே சட்டத்துடன் இணைந்திருக்கும். அதையறியாமல் கம்பிகளை மாற்றிக் கொடுத்தால், விசிறி எதிர்த்திசையில் சுழன்று காற்றை முன்னோக்கித் தள்ளும். பூட்டிய பின், ரேடியேட்டரின் முன்புறம் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால் அது உள்ளே இழுக்கப்பட வேண்டும்.

மலைப் பிரயாணம் செய்வோர் மேலுமொன்றை நினைவிற்கொள்க. சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில், திறந்த பாத்திரத்து நீர் ஏறக்குறைய 93 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். ஆகவே ரேடியேட்டர் மூடி அழுத்தம் தாங்குவதாய் இருத்தல் வேண்டும். கொதிக்கும்போது அம்மூடியைத் திறவாமல், இஞ்சினை நிறுத்தி ஆறவிடுவதே உத்தமம்.